எழுந்து சிரிக்காத பிணம்

நீங்கள் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், 'சரி, காபி குடிக்கலாமா?' என்று பேச்சை மாற்றியிருப்பேன். பேய், பிசாசு, சகுனம், பல்லி விழுந்த பலன் எதிலும் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன், மைக்ரோமீட்டரில் பிடித்து அளக்க முடியாத எதையும் நான் பாஸ் போட்டதில்லை. என் மனைவி பூங்கொடி எனக்கு நேர் எதிர். வாசற்படியில் தும்மிவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிறந்த இரண்டு பேர் இப்படி ஆளுக்கொரு திசையாக இருந்துகொண்டு புனேயில் குடும்பம் நடத்திவிட்டோம், ஒரே மகளையும் படிக்க வைத்து பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். சொசைட்டி என்று இங்கே சொல்லும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்கு மேல் வீட்டில் விக்னேஷ் என்று ஒரு சென்னைப் பையன் இருக்கிறான். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு வந்தால் சினிமாப் பைத்தியம். சொந்தமாக ஒரு படம் எடுக்கிறேன் என்று கிளம்பினான். இன்னும் இருபது முப்பது வருஷம் கழித்து இருக்கப்போகிற புனேயில் நடக்கும் க்ரைம் கதை. அந்தக் காலத்தில் எல்லோர் கண்ணிலும் ஒரு லென்ஸ் இருக்குமாம், ஒருவர் சாகும்போது கடைசியாகப் பார்த்த முகம் அதில் பதிந்துவிடுமாம், அதனால் கொலைகாரர்களுக்குத் தொழிலே படுத்துவிட்டதாம். அப்போது ஒருத்தன் மட்டும் முகத்தைக் காட்டாமல் கொலை செய்கிறான். முதலில் சாவது அந்த லென்ஸைக் கண்டுபிடித்த விஞ்ஞானி.

"அங்கிள், விஞ்ஞானி நீங்கதான்" என்றான்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதுப்பா."

"நடிக்கவே வேணாம் அங்கிள். மொத சீன்லயே நீங்க செத்துடுவீங்க. கண்ணைத் திறந்து வச்சிக்கினு அசையாம படுக்கணும், அவ்ளோதான். செம ஸ்டைலா இருக்கும்."

ஸ்டைல் என்பது அவனுக்கு மந்திரம். எதற்கெடுத்தாலும் ஸ்டைல். எதிர்காலம் என்றால் எல்லாம் நீல வெளிச்சத்திலும் பிங்க் வெளிச்சத்திலும்தான் இருக்கும் என்று எங்கே படித்தானோ. எனக்கு வெள்ளி நிறத்தில் ஒரு நீளக் கோட்டு வேண்டும் என்றான். கார் கண்ணாடிக்கு வெயில் படாமல் வைப்பார்களே, பளபளவென்று ஒரு தட்டி, அதை நாலைந்து வாங்கி வந்தான். பூங்கொடிதான் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, பார்சல் கட்டிய பிரியாணிபோல இருக்கிறேன் என்று சொல்லி அவள் சிரித்ததில் ஊசி கீழே விழுந்து, அரை மணி நேரம் தேடினோம்.

கேமராமேன் ஓம்கார். மராத்திப் பையன், கல்யாண வீடியோ எடுப்பது தொழில். கேமராவும் அவனுடையதுதான். இடம், புதிதாகக் கட்டி இன்னும் யாரும் குடிவராத ஒரு ஆபீஸ் கட்டடத்தின் வரவேற்புக் கூடம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வரமாட்டார் என்று அங்கிருந்த காவலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி விக்னேஷ் உள்ளே விட வைத்திருந்தான்.

பட்டப் பகலில் ஷூட்டிங். கூடத்தின் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, கூரையில் நீல விளக்கைக் கட்டி, என்னை கிரானைட் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அந்தத் தரையின் குளிர் இருக்கிறதே, முதுகெலும்புக்குள் புகுந்துவிட்டது. கேமரா என் கண்ணுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே போக வேண்டும், நான் இமைக்கக் கூடாது. எனக்கு அது பெரிய விஷயமில்லை. தொழிற்சாலையில் உருளைகளில் கீறல் இருக்கிறதா என்று இமைக்காமல் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்தேன். விக்னேஷ் "கட்!" என்று கத்திவிட்டுக் கை தட்டினான்.

"சூப்பர் அங்கிள், பொணம்னா இதான் பொணம்! இருங்க இருங்க, எழுந்துடாதீங்க. சிரிக்கிற ஷாட் ஒண்ணு எடுத்துடலாம்."

"பிணம் எதுக்குப்பா சிரிக்குது?"

"அது படத்துக்கு இல்ல அங்கிள். பொணமா நடிச்சவங்க கடைசியா எழுந்து கேமராவப் பாத்து சிரிக்கணும். எங்க மாமா கோடம்பாக்கத்துல லைட்மேனா இருந்தாரு, அங்க இத எடுக்காம பேக்கப்பே பண்ண மாட்டாங்க. இல்லன்னா ஆகாதுன்னுவாங்க."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இருபது வருஷம் கழித்து நடக்கிற கதையை எடுத்துக்கொண்டு இருநூறு வருஷத்துக்கு முந்தைய பேச்சுப் பேசுகிறாயே என்று படுத்தபடியே கிண்டல் செய்தேன். அதற்குள் வெளியே ஜீப் சத்தம். "சாப் ஆ கயே! ஜல்தி, ஜல்தி!" என்று காவலாளி ஓடி வந்தான். வரமாட்டார் என்று சொன்ன சூப்பர்வைசர் வந்துவிட்டார். ஓம்கார் கேமராவிலிருந்து பேட்டரியை உருவினான், விக்னேஷ் விளக்கைப் பிடுங்கினான், காவலாளி என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கோட்டு அக்குளில் பர்ரென்று கிழிந்தது. பின்பக்க வழியாக ஓடினோம். ஐம்பத்துநாலு வயதில் வெள்ளிக் கோட்டோடு சந்துக்குள் ஓடிய என்னைப் பார்த்து ஒரு நாய் குரைக்கக்கூட மறந்து நின்றது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வருஷக்கணக்கில் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று நான் செய்த ஒரே தப்பு, வீட்டுக்கு வந்து சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் பூங்கொடியிடம் ஒன்று விடாமல் சொன்னதுதான். சிரிக்கிற ஷாட் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, சிரிக்காமயா வந்தீங்க?"

"சூப்பர்வைசர் வந்துட்டான்னு சொல்றேனில்ல?"

"செவ்வாக்கெழம ஆப்ரேசனை வச்சுக்கிட்டு, பொணமாப் படுத்துப்போட்டு, எந்திரிச்சு சிரிக்காம வந்துட்டீங்களா?"

ஆமாம், அதைச் சொல்லவில்லையே. எனக்குப் பித்தப்பையில் கல். செவ்வாய்க்கிழமை எடுக்க வேண்டும் என்று முன்பே தேதி குறித்திருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், வயிற்றில் துளை போட்டு எடுத்துவிடுவார்கள், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால்தான் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் நினைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நேரே மேலே போய் விக்னேஷை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அவன் பாவம், எங்கே என்றாலும் எடுத்துக் கொடுக்கத் தயார், ஆனால் ஓம்கார் அன்று சாயங்காலமே கேமராவோடு சதாராவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். அன்று எடுத்தது பதிந்த மெமரி கார்டை மட்டும் விக்னேஷ் வாங்கித் தன் பீரோவில் வைத்திருந்தான்.

"செல்போன்ல எடுத்துடலாம் ஆன்ட்டி" என்று கேட்டிருக்கிறான்.

"படுத்தது ஒரு கேமராவுல, எந்திரிக்கறது இன்னொன்னுலயா? அது கணக்குல வருமா?" என்று இவள் மறுத்துவிட்டாள். ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லி என்னிடம் கெஞ்சினாள். டாக்டரிடம் என்ன காரணம் சொல்வது, பிணம் சிரிக்க மறந்துவிட்டது என்றா? நான் கேலி செய்தேன். அவள் அழுதுவிட்டாள். அதற்கு மேல் கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை, ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிவிட்ட நர்ஸ், மோதிரம், செயின், பல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். இந்தப் பல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று எனக்குச் சொந்தமில்லை. காலேஜ் படிக்கும்போது பஸ் படியிலிருந்து விழுந்ததில் போனது, கழற்றி மாட்டுகிற பல்தான் இருக்கிறது. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் அதைக் கழற்றுவேன். பூங்கொடியே என்னை அந்தக் கோலத்தில் இரண்டு மூன்று தரம்தான் பார்த்திருப்பாள். எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து நேற்றைய செல்ஃபி வரை அந்த ஓட்டையோடு ஒரு படமும் கிடையாது. வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தேன், நர்ஸ் பஞ்சில் சுற்றிப் பூங்கொடி கையில் கொடுத்தாள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மயக்க ஊசி போட்டார்கள். இதற்கு அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

கண் திறந்தால் கிரானைட் தரையில் படுத்திருக்கிறேன். அதே கூடம், அதே நீல விளக்கு, முதுகில் அதே குளிர். மேலே வெள்ளிக் கோட்டு. எனக்கு ஒரு பயமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ரொம்பச் சௌகரியமாக இருந்தது. ஷாட் ஓடிக்கொண்டிருக்கிறது, அசையக் கூடாது, இமைக்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில். தூரத்தில் யாரோ "காகா, காகா, டோளே உகடா" என்று கூப்பிடுவது கேட்டது. பெரியவரே, கண்ணைத் திறங்க என்று அர்த்தம். என்னடா இது, கண் திறந்துதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்னென்னவோ குரல்களும் வந்தன. ஒருவேளை சூப்பர்வைசர் வந்துவிட்டாரோ, இருக்கட்டும், டைரக்டர் சொல்லாமல் நான் எழுந்தால் டேக் வீணாகிவிடும், மறுபடி எல்லோருக்கும் சிரமம். வேலை என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான். கிடந்தேன். நேரம் போகப் போகக் குளிர்கூடத் தெரியவில்லை. இந்தப் பையன் கட் சொல்ல மறந்தே போய்விட்டானே என்று ஒரு சின்ன எரிச்சல் மட்டும் வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. கூரை விளக்கு மெல்ல மங்க ஆரம்பித்தது.

அப்போது யாரோ கட் சொன்னார்கள்.

அப்பாடா என்று எழுந்தேன். எழுந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "காகா ஹசதாயத்!" என்று ஒரு பெண் கத்தினாள், காகா சிரிக்கிறாரே என்று. பார்த்தால் ஆஸ்பத்திரி. பல் இல்லாத வாயைத் திறந்து நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார், பூங்கொடி என் இடது பக்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். அதற்குப் பிறகு பிரஷர் இறங்கிக்கொண்டே போய், என்னென்னவோ மருந்து கொடுத்தும் நான் கண் திறக்கவில்லையாம். வேறு வழி தெரியாமல் வீட்டுக்காரியை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மயக்க மருந்தில் கனவு வருவது சகஜம் என்று டாக்டரே சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பூங்கொடியிடம் நான் கண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் 'நான் அப்பவே சொன்னேனுங்களே' என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நான் நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் விக்னேஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பூங்கொடி அடுப்படியில் இருந்தாள். அவன் முகமே சரியில்லை.

"அங்கிள், அன்னிக்கு சிரிக்கிற ஷாட் நாம எடுக்கலல்ல?"

"எங்கே எடுத்தோம்? ஓடினதுதான்."

"எடிட் பண்ண இன்னிக்குத்தான் கார்ட ஓப்பன் பண்ணேன். இருக்கு."

ஓட்டினான். நான் பிணமாகக் கிடக்கிற ஷாட்டுக்கு அடுத்தது. நீல வெளிச்சம், தரை, நான். கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறேன். பிறகு மெல்ல எழுந்து உட்காருகிறேன். உட்கார்ந்து வாயெல்லாம் திறந்து சிரிக்கிறேன். முன்பல் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை.

கேமராவைக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் கொஞ்சம் மேலே, அங்கே நிற்கிற யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். சத்தத்தை அவர்கள் வேறு கருவியில் பதிவு செய்வதால் படத்தில் குரல் எதுவும் இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் உண்டாக்குகிறார்கள், ஆன்ட்டியைச் சமாதானப்படுத்தப் பையன் ஏதோ வேலை காட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். "ஆன்ட்டி மேல சத்தியமா இல்ல அங்கிள்" என்றான், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அது மட்டுமில்லை, பல் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? ஓம்காருக்குப் போன் போட்டோம். பேட்டரியை உருவிய பிறகு கேமரா எப்படி ஓடும் காகா என்று அவன் சிரித்தான். பிறகு நான் என் தொழிலைக் காட்டினேன், திரையில் மூக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். கோட்டு அக்குளில் கிழியவில்லை. அப்படியென்றால் காவலாளி என்னை இழுப்பதற்கு முன்னால் எடுத்தது. அதற்கு முன்னால் நான் தரையை விட்டு எழவே இல்லை. அன்று என் வாயில் பல்லும் இருந்தது. இதை ரிஜெக்ட் செய்ய எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பூங்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஆச்சரியப்படுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. "ஆசுபத்திரியிலயும் இதே சிரிப்புத்தானுங்க சிரிச்சீங்க" என்றாள்.

எனக்கு ஏதோ பொறி தட்டியது. "அன்னிக்கு உள்ளே வந்து என்ன சொல்லி என்னைக் கூப்பிட்டே?" என்று கேட்டேன்.

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஏனுங்க ஏனுங்கன்னு எத்தன வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா. நர்சம்மா பேரச் சொல்லிக் கூப்பிடுங்கன்னா. பேரையும் சொன்னேன், சண்முகம் சண்முகம்னு. அதுக்கும் நீங்க அசையல."

முப்பது வருஷத்தில் முதல் முறையாக என் பெயர் அவள் வாயிலிருந்து வந்திருக்கிறது, கேட்கக் கொடுத்து வைக்கவில்லை பாருங்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. உங்க காதுகிட்ட வந்து, 'கட் சொல்லியாச்சுங்க, எந்திரிச்சு சிரிங்க'ன்னேன்."

விக்னேஷ் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தரை, விளக்கு, 'கட்' சொல்வதற்காகக் காத்துக் கிடந்தது, விளக்கு மங்கியது எல்லாம். கேட்டுவிட்டு என் தோளில் ஒரு அடி போட்டாள். அழுதாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அந்த ஷாட்டைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள், விக்னேஷ் ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுகிறாள், பல் ஓட்டையோடு. என் மானம் போய் ரொம்ப நாளாகிறது.

அவள் போனில் இருப்பது நான் சிரிக்கிற வரைக்கும்தான். முழுதாக ஏற்ற வேண்டாம் என்று விக்னேஷிடம் கண் ஜாடை காட்டியது நான். கார்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிரித்து முடித்ததும் நான் தலையை ஆட்டுகிறேன், யாரோ ஏதோ சொல்ல, சரி என்று ஒத்துக்கொள்வது போல. பிறகு கோட்டைச் சரி செய்துகொண்டு, முன்பு கிடந்த அதே இடத்தில் மறுபடி மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடக்கிறேன். அதோடு முடிகிறது.

முன்பெல்லாம் காலையில் என்னை எழுப்ப பூங்கொடி நாலு தரமாவது கத்த வேண்டும். இப்போது 'ஏனுங்க' என்று அவள் ஆரம்பித்த உடனே, 'கட்' வரைக்கும் போக விடாமல், எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.